வேலூரிலிருந்து இங்கிலாந்துக்கு அம்மாவும் பிள்ளையும்: விசாவுக்குப் பிறகு தினசரி வாழ்க்கை எப்படி ஓடும்?

சத்துவாச்சாரி வாசல்:

எல்லோருக்கும் வணக்கம். தாய் ஸ்டாஃப் நர்ஸ், இங்கிலாந்து அரசு மருத்துவமனை வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பிள்ளைக்கு நாலரை வயது. அப்பா குடியாத்தத்தில் கடை வைத்திருக்கிறார், விட்டு நகர முடியாது. அம்மாவும் பிள்ளையும் மட்டும் போவதாகப் பேச்சு. ஏஜென்ட் எல்லாம் தேர்வு, விசா, டிக்கெட் வரைக்கும்தான் பேசுகிறார்கள். அதற்கப்புறம் காலையில் பிள்ளையை யார் பள்ளியில் விடுவது, ஷிஃப்ட் ராத்திரி எட்டுக்கு முடிந்தால் அதுவரை அது எங்கே இருக்கும், காய்ச்சல் வந்தால் யாரைப் பார்ப்பது, டிபன் பாக்ஸில் என்ன வைப்பது என்று கேட்டால் "போனா பழகிடும்" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

காட்பாடி சந்திப்பு:

மேடம், தினசரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். "அம்மாவும் பிள்ளையும் மட்டும்" என்பதே விசாவில் சிக்கல். வேலை விசாவில் போகிறவரின் பிள்ளைக்கு குடும்பத்தாருக்கான டிபெண்டென்ட் விசா வேண்டுமானால், தாய் தந்தை இருவருமே அங்கே இருக்க வேண்டும், அல்லது இருவரும் சேர்ந்து போக வேண்டும். இதுதான் பொது விதி. விலக்குகள் குறைவு: மற்றவர் இறந்திருக்க வேண்டும், அல்லது பிள்ளையின் முழுப் பொறுப்பும் ஒருவரிடமே இருப்பதாகக் காட்ட வேண்டும், அல்லது மிக வலுவான வேறு காரணம் இருக்க வேண்டும். "அப்பா கடை பார்க்கிறார், அவருக்குச் சம்மதம்தான்" என்று நோட்டரி கையெழுத்தோடு கடிதம் கொடுத்தாலும் அது முழுப் பொறுப்பு ஆகாது. கடிதம் நன்றாக இருக்கிறது, ஆனால் அது எதிர்பக்கத்தைத்தான் நிரூபிக்கிறது: அப்பாவும் பிள்ளை விஷயத்தில் முடிவெடுக்கிறவர் என்று.

ஆகவே அப்பாவும் டிபெண்டென்டாக விண்ணப்பித்துச் சேர்ந்து போவதுதான் நேர்வழி. அவர் அங்கே போய் வேலையும் செய்யலாம். அவ்வப்போது கடைக்காக ஊருக்கு வந்து போகலாம். நிரந்தரமாகத் திரும்பி வந்துவிட்டால், பிள்ளையின் விசா நீட்டிப்பின்போது இதே கேள்வி மறுபடி வரும்.

கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள் இதைப் படித்தால்: இறப்புச் சான்றிதழோ, பிள்ளை யாரிடம் என்று கோர்ட் எழுதிய உத்தரவோ அசல் வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளிக் கட்டண ரசீது, டாக்டர் சீட்டு, பள்ளி உங்கள் பெயருக்கு அனுப்பிய கடிதங்கள் என்று முடிவெடுப்பது நீங்கள்தான் என்பதைக் காட்டும் காகிதங்கள் இரண்டு வருடத்துக்காவது சேர்த்து வையுங்கள். பிள்ளை கொஞ்ச நாள் பாட்டி வீட்டில் வளர்ந்தாலும் பரவாயில்லை. யார் சோறு ஊட்டினார்கள் என்று அவர்கள் பார்ப்பதில்லை, யார் தீர்மானித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

கெயர் வொர்க்கர், அதாவது முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கு வேறு கணக்கு. 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் புதிதாகப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியவில்லை, 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. நர்ஸுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டையும் குழப்பிப் பேசுகிற ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்.

சத்துவாச்சாரி வாசல்:

இது தெரியாமல் இருந்தது, நன்றி சார். அப்படியானால் மூவருமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்பா வருடத்தில் சில மாதம் இங்கே இருப்பார். அந்த மாதங்களில் அம்மா ஒரே ஆளாகத்தான் ஓட்ட வேண்டும். அதை வைத்தே சொல்லுங்கள்.

வார்டு விளக்கு:

ஒரே ஆளாக ஓட்டும் மாதத்துக்குத்தான் திட்டம் போட வேண்டும், அதில் நின்றால் மற்றது தானாக நிற்கும்.

முதலில் நேரக் கணக்கு. அரசு மருத்துவமனையில் வாரத்துக்கு 37.5 மணி நேரம். பெரும்பாலான வார்டில் பன்னிரண்டரை மணி நேர நீண்ட ஷிஃப்ட், காலை ஏழரை முதல் ராத்திரி எட்டு வரை. இடைவேளை கழித்தால் சம்பளத்துக்கு 11.5 மணி. அதாவது வாரத்துக்கு மூன்றேகால் ஷிஃப்ட். பள்ளி காலை எட்டே முக்கால் வாக்கில் திறந்து மூன்றே காலுக்கு விட்டுவிடும். பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் கிளப் சில பள்ளியில் உண்டு: காலை கிளப் இருந்தால் ஏழே முக்காலிலிருந்து, மாலை கிளப் இருந்தால் ஆறு மணி வரை. இரண்டும் இருந்தாலும் காலையில் ஒரு மணி நேரமும் சாயந்திரம் இரண்டரை மணி நேரமும் திறந்தே கிடக்கிறது. ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டியவர் ஏழே முக்காலுக்குத் திறக்கும் கதவில் பிள்ளையை விட முடியாது. பலரும் இந்தப் பதினைந்து நிமிஷத்தைக் கவனிக்காமல் வீடு பார்த்து, பள்ளி பார்த்து, அப்புறம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வழி இரண்டு. ஒன்று, சைல்ட்மைண்டர். தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், ஆஃப்ஸ்டெட்டில் (பள்ளி, பிள்ளைப் பராமரிப்பை மேற்பார்க்கும் அரசு அமைப்பு) பதிவு பெற்ற ஆள். பள்ளியில் விடுவது, கூப்பிட்டு வருவது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் அவர் செய்வார். மருத்துவமனையைச் சுற்றி இருப்பவர்களில் சிலர் காலை ஏழுக்கு முன்பே எடுப்பார்கள், ராத்திரி எட்டரை வரை வைத்திருப்பார்கள். பட்டியல் உள்ளூர் கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையில் கிடைக்கும். போன் செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) மாறினால் நாள் மாற்றிக்கொள்வாரா, அவர் லீவு எடுக்கும் வாரங்களுக்கு மாற்று உண்டா, பிள்ளை வராத நாளுக்கும் பணம் உண்டா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் உண்டு என்றே பதில் வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது வழி, ரோஸ்டரையே மாற்றக் கேட்பது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே வேலை நேர மாற்றம் கேட்டு எழுதும் உரிமை உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு கவனம்: நேரத்தைக் குறைக்கக் கேட்காதீர்கள். நேரம் குறைந்தால் சம்பளம் குறையும், ஸ்பான்சர் விசாவுக்கு ஒரு சம்பள வரம்பு இருக்கிறது, அதற்குக் கீழே போனால் விசாவே ஆட்டம் காணும். மொத்த நேரம் அதேதான், "செவ்வாய், புதன், வியாழன் மட்டும்" என்றோ "இரவு ஷிஃப்ட் வேண்டாம்" என்றோ, "நீண்ட ஷிஃப்டுக்குப் பதில் ஐந்து நாள் குறுகிய ஷிஃப்ட்" என்றோ கேளுங்கள். வார்டைவிட வெளிநோயாளி கிளினிக், டே சர்ஜரி மாதிரி இடங்களில் இது சுலபம். நேர்முகத் தேர்வு முடிந்து ஆர்டர் கையில் வந்ததும் மேனேஜருக்கு மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. வாயால் சொன்ன சம்மதம் மேனேஜர் மாறினால் போய்விடும்.

விடுமுறைக் கணக்கு இன்னும் கடினம். பள்ளிக்கு வருடத்தில் 13 வாரம் லீவு. சேர்ந்த புதிதில் நர்ஸுக்கு 27 நாள் லீவும் 8 பொது விடுமுறையும். 35 நாளை மணியாக்கினால் 262.5, நீண்ட ஷிஃப்டாக்கினால் 23 கூட இல்லை. 13 வாரத்தில் வரும் ஷிஃப்ட் 42. எல்லா லீவையும் பிள்ளையின் லீவிலேயே போட்டாலும் 19 ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும். அதில் ஒரு பங்கைக் கணவர் ஊரிலிருந்து வந்து நிற்கும் மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு அவர் எப்போது தேவை என்பதைவிட, ஜூலை கடைசி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை அவர் அங்கே இருப்பதுதான் முக்கியம்.

மேல்விஷாரம் 632509:

பக்கத்து வீட்டில் நம்ம ஊர் அக்கா யாராவது இருந்தால் மாதம் இவ்வளவு என்று கொடுத்து விட்டுவிடலாமே? இல்லையென்றால் பாட்டியைக் கூட்டிப்போகலாமே?

காட்பாடி சந்திப்பு:

தம்பி, இரண்டும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். இரண்டிலும் சட்டம் இருக்கிறது.

எட்டு வயதுக்குக் கீழான பிள்ளையைக் காசு வாங்கிக்கொண்டு தன் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குற்றம், அந்த அக்காவுக்குத்தான் ஆபத்து. எப்போதாவது ஒரு அரை மணி பார்த்துக்கொள்வது வேறு. மாதச் சம்பளம் பேசி விடுவது வேறு.

பாட்டி விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை இருக்கலாம், பேரப்பிள்ளையோடு இருப்பதில் தப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தில் "பிள்ளை பார்க்கப் போகிறேன்" என்று எழுதினால் வேலைக்கு வருவதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் இருந்துவிட்டு ஒரு மாதம் ஊரில் இருந்து மறுபடி ஆறு மாதம் என்று போனால் அங்கேயே குடியிருப்பதாக நினைத்து மறுப்பார்கள். முதல் கோடை விடுமுறைக்கு ஒரு முறை என்று வைத்தால் நியாயமாக நிற்கும். இன்னொன்று, விசிட்டருக்கு அங்கே மருத்துவம் இலவசம் இல்லை. அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் கேட்க மாட்டார்கள், வார்டில் சேர்த்தால் அரசு விலையில் ஒன்றரை மடங்கு பில் வரும். சர்க்கரை, பி.பி. இருக்கிற பாட்டியை அதையும் சொல்லி எடுத்த டிராவல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள்.

வார்டு விளக்கு:

பாட்டி விஷயத்தில் சார் சொல்வது சரி. அதோடு ஒன்று: சேர்ந்த முதல் மூன்று மாதம் பிள்ளையைக் கூட்டிப்போகாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. வேலை தொடங்கி 12 வாரத்துக்குள் நர்ஸ் பதிவுக்கான ஓஸ்கி செய்முறைத் தேர்வை ஒரு முறையாவது எழுத வேண்டும். மருத்துவமனை முதலில் தரும் அறையும் பெரும்பாலும் ஒற்றை ஆளுக்கு. குளிர், தேர்வு, வீடு தேடல் எல்லாம் ஒன்றாக வரும் நேரத்தில் பிள்ளையும் இருந்தால் எதையும் முழுசாகச் செய்ய முடியாது.

தொரப்பாடி டீச்சர்:

நான் இதில் மாறுபடுகிறேன். தேர்வு முக்கியம்தான். ஆனால் பள்ளி வருடம் செப்டம்பரில் தொடங்குகிறது. பிள்ளை செப்டம்பரில் போய்ச் சேர்ந்தால் எல்லாப் பிள்ளைகளும் அன்றுதான் புதுசு. பிப்ரவரியில் போனால் இது மட்டும்தான் புதுசு, அதுவும் இருட்டிலும் குளிரிலும். ஆகஸ்டில் அப்பாவும் பிள்ளையும் சேரும்படி அம்மா மே மாதமே போவது இரண்டுக்கும் பொருந்தும். தேதி அமையாவிட்டால் பிள்ளையின் செப்டம்பரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வகுப்பு எப்படி முடிவாகிறது என்று பலருக்கும் குழப்பம். டி.சி. கேட்க மாட்டார்கள், இங்கே எல்.கே.ஜி.யா யு.கே.ஜி.யா என்பதும் கணக்கில்லை. பிறந்த தேதி மட்டும். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு. 2021 செப்டம்பர் 1 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளை 2026 செப்டம்பரில் ரிசெப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தையது) வகுப்பில் சேரும். அதற்கு முந்தைய வருடம் பிறந்த பிள்ளை முதல் வகுப்பு. செப்டம்பர் சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜனவரி 15. அதன் பிறகு வருகிறவர்கள் கவுன்சிலில் தாமத விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பள்ளி வருடம் தொடங்கிய பிறகு என்றால் நடு வருடச் சேர்க்கைக்கு. வீட்டு முகவரி கையில் இருந்தால்தான் வேலை நகரும். பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லாமல் ஒன்றரை மைல் தள்ளிக் கிடைப்பது சாதாரணம், அதனால் சைல்ட்மைண்டரோடு முன்பணம் பேசுவதற்கு முன்னால் எந்தப் பள்ளி என்று தெரிய வேண்டும். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கழிப்பறை. பாடம் எல்லாம் பின்னால் வரும். அங்கே பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர்க் குவளையோ ஹேண்ட் ஷவரோ இருக்காது, காகிதம்தான். டீச்சர் துடைத்துவிட மாட்டார். நம் பிள்ளைகளுக்கு நாலரை வயதிலும் அம்மாவோ பாட்டியோ கழுவிவிடுவது வழக்கம். அந்தப் பிள்ளை அங்கே போனால் என்ன செய்யும்? அடக்கும். காலை எட்டிலிருந்து சாயந்திரம் வரை அடக்கும். இரண்டு வாரத்தில் மலச்சிக்கல், வயிற்று வலி, அப்புறம் உள்ளாடையில் கசிவு. பிள்ளைக்குப் பள்ளி பிடிக்கவில்லை என்று பெற்றோர் நினைப்பார்கள், காரணம் இதுவாக இருக்கும். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே இங்கேயே பழக்குங்கள். நாலு தாள் கிழித்து மடிப்பது, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, தாள் சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்வது, தண்ணீர் விட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுவது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தால் மனசு சமாதானமாகும். பெல்ட், நாடா இல்லாத எலாஸ்டிக் கால்சட்டை கொடுங்கள்.

அடுத்து ஜாக்கெட் ஜிப். முப்பது பிள்ளைகளுக்கும் டீச்சர் ஜிப் போட முடியாது. கீழ் முனையைக் கோத்து மேலே இழுக்கப் பழக்குங்கள். ஸ்பூன், முள்கரண்டியில் சாப்பிடவும் அப்படியே. கையால் சாப்பிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் கூட இருக்கும் பிள்ளைகள் பார்ப்பார்கள், நம் பிள்ளை சாப்பிடாமல் எழுந்துவிடும். ஆங்கிலத்தில் ஆறு வாக்கியம் போதும்: பாத்ரூம் போகணும், தண்ணி வேணும், வலிக்குது, எனக்குப் புரியலை, போதும், உதவி பண்ணுங்க. ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள், வகுப்பில் அது தானே வந்துவிடும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்களுக்கும் இதேதான்.

சீருடை, கருப்பு ஷூ, குளிர் கோட்டு எதையும் வேலூரில் வாங்க வேண்டாம். அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே விலை குறைவு, குளிருக்கும் அதுதான் தாங்கும். இங்கிருந்து உள்பனியன், காட்டன் ஜட்டி மட்டும் நிறைய. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே மாதிரி முப்பது ஸ்வெட்டர் ஒரே கொக்கியில் தொங்கும். அரைஞாண் கயிறு, தாயத்து இருந்தால் முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். கொலுசு, வளையல், தொங்கட்டான் விளையாட்டு வகுப்புக்கு ஆகாது.

பொங்கலுக்கு ஊருக்கு வருவது இனி நடக்காது. கட்டாயப் பள்ளி வயது வந்த பிள்ளையை ஐந்து பள்ளி நாள் அனுமதியில்லாமல் நிறுத்தினால், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளை ஒன்றுக்கு 80 பவுண்டு அபராதம், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஜூலை கடைசியில் கிளம்பினால் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி பார்க்கலாம்.

ஆரணி அடுப்படி:

டீச்சர் சாப்பாட்டைப் பத்தி விட்டுட்டாங்க, நான் சொல்றேன். ரிசெப்ஷன், ஒண்ணு, ரெண்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலாந்து அரசுப் பள்ளியில மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். விசாவுல "அரசு நிதி கிடையாது"னு எழுதியிருக்கே, இது வாங்கலாமான்னு பயப்படவேணாம், தாராளமா வாங்கலாம். ஆனா பிள்ளைக்குன்னு அரசு தர்ற சைல்ட் பெனிஃபிட் பணத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கக் கூடாது, அது அந்த நிதிக்குள்ள வருது.

பிள்ளை பள்ளிச் சாப்பாடு சாப்பிடலைன்னா டிபன் கட்டணும். அங்க பிரிட்ஜுல வைக்கமாட்டாங்க, சூடும் பண்ணித் தரமாட்டாங்க. அகல வாய் ஃப்ளாஸ்க் ஒண்ணு, 300 மில்லி போதும். கொதிக்கிற தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் மூடி வை, கொட்டிட்டு ஆவி பறக்கிற சோத்தைப் போட்டு உடனே மூடு. வெதுவெதுன்னு போட்டா மதியத்துக்குள்ள கெடுதல்தான். ராத்திரி வடிச்ச சோத்தைக் கட்டறதா இருந்தா வடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஆறவெச்சு பிரிட்ஜுக்குப் போகணும், மறுநாளைக்குள்ள தீர்க்கணும், ஒரே ஒருவாட்டிதான் சூடு பண்ணணும். குளிர் ஊருதானேன்னு அடுப்பு மேல விட்டுடாதீங்க, ஹீட்டர் ஓடற சமையலறையில சோறு கெடும், வாந்தி வரும்.

இட்லி மாவு குளிர்காலத்துல பொங்காது. வீட்டுக்குள்ள 17, 18 டிகிரிதான். நாலுக்கு ஒண்ணு அளவு, அரை ஸ்பூன் வெந்தயம், உளுந்து ஊறின தண்ணியையே வெதுவெதுன்னு பண்ணி ஊத்தி ஆட்டணும். கையால கலக்கணும். ஓவன் அடுப்பைப் பத்த வைக்காம உள்ள விளக்கு மட்டும் போட்டு அதுக்குள்ள பாத்திரத்தை வெச்சா பத்துப் பன்னெண்டு மணி நேரத்துல எழும்பும். பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. கதவுல ஒரு சீட்டு ஒட்டி வைங்க, தெரியாம யாராவது ஓவனை ஆன் பண்ணிடுவாங்க.

தாளிப்புப் புகைக்கு அலாரம் கத்தும். பேட்டரியைக் கழட்டிப்போடறது ரொம்பப் பேர் பண்றாங்க, பிள்ளை தூங்கற வீட்டுல அதைச் செய்யவே செய்யாதீங்க. ஃபேனைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, கரண்டி தாளிப்பை மூடியோட பண்ணுங்க. இட்லி ஆவியும் உள்ளேயே காயவெச்ச துணியும் சேர்ந்தா ஜன்னல் ஓரம் கருப்புப் பூசணம் பிடிக்கும். தினம் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறங்க, பூசணம் பிடிச்ச அறையில பிள்ளையைப் படுக்கவைக்காதீங்க.

மிக்ஸி கொண்டுபோகலாம், கரண்ட் அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மாறும்.

ஆம்பூர் பாய்:

அக்கா, முக்கியமான ஒண்ணு சேர்க்கிறேன். நம்ம பக்கம் இட்லின்னா வேர்க்கடலைச் சட்னி. அங்கே நிறையப் பள்ளியில் வேர்க்கடலை, முந்திரி, பாதாம் உள்ளேயே வரக்கூடாது. இன்னொரு பிள்ளைக்கு உயிர் போகிற அலர்ஜி இருக்கலாம். எள்ளும் அறிவிக்க வேண்டிய அலர்ஜிப் பொருள்தான், அதனால் எள் போட்ட இட்லிப் பொடியையும் கேட்டுவிட்டுத்தான் அனுப்பணும். பொட்டுக்கடலைச் சட்னிக்கு மாறுங்கள். பள்ளியில் ஹலால் வேண்டும் என்றால் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதணும், எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது, அங்கெல்லாம் சைவத் தட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

லக்கேஜில் கறி, பால் பொருள் எதுவும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குள் போகாது. நெய் டப்பா, பால்கோவா, கோவா சேர்ந்த ஆற்காடு மக்கன் பேடா, பிரியாணி எல்லாம் அங்கே வாங்கிப் போட்டுவிடுவார்கள். மிளகாய்த்தூள், புளி, ரசப்பொடி, பருப்பு கொண்டுபோகலாம்.

மருந்துச்சீட்டு:

உடம்பு விஷயம் யாரும் தொடவில்லை. கிளம்புவதற்கு முன் தடுப்பூசி அட்டை அசலும் நகலும் எடுங்கள். அங்கே ஜி.பி. என்னும் குடும்ப டாக்டர் கிளினிக்கில் வீடு கிடைத்த வாரமே பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ கட்டாயமில்லை, கேட்டால் மரியாதையாகச் சொல்லலாம். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை, ருபெல்லா ஊசிதான் இருக்கிறது, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அதனால் "போட்டாச்சே" என்று மறுக்காமல் அங்கே கூப்பிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டுக்கு 16 வயது வரை பணமில்லை, பல் வைத்தியத்துக்கு 18 வரை.

காய்ச்சல் மருந்தில் தப்பு நடக்கும் இடம் ஒன்று. நம் ஊர் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 250 என்று இரண்டு பலம். அங்கே ஆறு வயதுக்குக் கீழே 5 மில்லிக்கு 120தான். நாலைந்து வயதுக்கு 10 மில்லி, நாலு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலு முறைக்கு மேல் கூடாது. அந்த 10 மில்லியை ஊரிலிருந்து கொண்டுபோன 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஊர் பாட்டிலைக் கொண்டுபோகவே வேண்டாம், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சளி, இருமலுக்கு ஆன்டிபயாடிக் எழுத மாட்டார்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். முதல் குளிர்காலம் முழுக்க மூக்கு ஒழுகும். காது வலிக்கும், ஐந்து வயது ஆனபின் தொண்டை வலிக்கும் மருந்துக்கடைக்காரரே பார்த்து மருந்து தரும் ஏற்பாடு 2024 ஜனவரி கடைசியிலிருந்து இருக்கிறது, டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம். சந்தேகத்துக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை. அந்த நாட்களில் சைல்ட்மைண்டரும் எடுக்க மாட்டார். திடீரென்று பிள்ளைக்காக வேலையிலிருந்து விலகச் சட்ட உரிமை உண்டு. சம்பளம் தருவது முதலாளியின் விதியைப் பொறுத்தது.

வைட்டமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம், 400 யூனிட். நம் நிறத் தோலுக்கு வருடம் முழுவதும் கொடுப்பது நல்லது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கண் மை, திருஷ்டிப் பொட்டுக்கு ஊர் மை வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கும்.

இதை எல்லோரும் செய்யுங்கள்: பிள்ளையின் முதுகிலோ பிட்டத்திலோ பிறவியிலேயே நீலச் சாம்பல் திட்டு இருந்தால் ஜி.பி. பதிவில் முதல் முறையே எழுதவையுங்கள். பார்ப்பவருக்கு அது அடிபட்ட கன்றல் மாதிரி தெரியும். அடித்ததாகச் சந்தேகம் வந்தால் பள்ளி சமூக சேவைத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பிள்ளையை அடிப்பதே சட்டப்படி தடை. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று பிள்ளையைத் தனியே விட்டுப் போவதும் அப்படித்தான். இத்தனை வயது என்று சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஆபத்தில் விட்டது குற்றம்.

சத்துவாச்சாரி வாசல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ஒன்றே ஒன்று. பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயர் ஒற்றைப் பெயர், இனிஷியல் இல்லை. அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் தாத்தா பெயர். இது இடிக்குமா?

காட்பாடி சந்திப்பு:

நம் தமிழ்நாட்டுப் பெயருக்கே உள்ள பிரச்சினை இது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுதணும். பிள்ளைக்குச் சர்நேம் இடத்தில் அப்பா பெயரைப் போடுவீர்கள், அம்மாவுக்குத் தாத்தா பெயர், ஆக அங்கே இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாகத் தெரியும். எல்லையில் அதிகாரி உறவைக் கேட்பார். பிறப்புச் சான்றிதழ் நகலை அம்மாவின் கைப்பையிலேயே வைக்கணும், லக்கேஜில் அல்ல. அப்பா கூட வராத பயணமென்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும், அவர் போன் நம்பரும். பள்ளியில் "பிள்ளையை எடுத்துச்செல்ல அனுமதி பெற்றவர்" பட்டியலில் அம்மா, அப்பா, சைல்ட்மைண்டர் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிக்கொடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயரே ஏறாமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றி, அதற்குமேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடும் படிவம் இணைப்பு டி. ஒருவர் மட்டும் என்றால் இணைப்பு சி. வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்திலேயே கொடுக்கலாம்.

விசா விண்ணப்பத்துக்கு முன் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் பிள்ளைக்கும் வேண்டும், சென்னையில் அங்கீகரித்த கிளினிக்கில். சிறு பிள்ளைக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள். சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள்.

பிள்ளை பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான். அங்கே இருக்கும்போதே தீரும். புதிது வாங்கியதும் பிள்ளையின் இ-விசா (இணையத்தில் பதிவாகியிருக்கும் விசா) கணக்கில் புதுப் பாஸ்போர்ட் எண்ணை ஏற்றணும். ஏற்றாமல் ஊருக்கு வந்துவிட்டால் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் விசா தெரியாது, பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் கணக்கைத் திறந்து எண்ணைச் சரிபாருங்கள்.